ஈசானிய மூலைத் தூண்

அபாயச் சங்கு ஊதியதும் ரஞ்சிதம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். போய்விட்டாள் என்று சொல்வது சுலபம், அந்த முழங்கால்களை வைத்துக்கொண்டு போன பாடு அவளுக்கல்லவா தெரியும். நாற்காலியை ஓரமாகத் தள்ளி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மடக்க ஒரு முனகல், வலது காலுக்கு இரண்டு முனகல், கடைசியில் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து உள்ளே போய்ச் சேர்ந்தாள். "ஒனக்கு இதெல்லாம் வேணாம். செவுத்தோரமா நாற்காலில ஒக்காந்து தலகாணிய தலைமேல வெச்சிக்க. குனிய முடியாதவங்களுக்கு அதான் வழி" என்று காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார் அவள் வீட்டுக்காரர் சிகாமணி. அவர்தான் இன்றைக்கு ராஜா. டில்லி துவாரகாவில் அவர்கள் இருக்கும் எட்டு மாடிக் குடியிருப்பில் இன்று நிலநடுக்க ஒத்திகை, அதற்கு அவர்தான் தலைவர், மஞ்சள் சட்டை, கையில் ஒலிபெருக்கி. ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவருக்கு இந்த வயதில் இப்படி ஒரு பட்டாபிஷேகம். தலைவரின் பெண்டாட்டி தலையணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால் அவருக்குத்தானே குறைச்சல். தரைத்தள வீடு வேறு, போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் ஜன்னலுக்கு உள்ளேதான் இருக்கும். அதனால்தான் இறங்கினாள். அவருக்காகத்தான் இறங்கினாள். வெளியே அவர் குரல் இந்தியில் முழங்கியது. ஓடாதீர்கள், குனியுங்கள், மேசைக்குக் கீழே போங்கள், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுக்கம் நிற்கும்வரை யாரும் படிக்கட்டுக்கு வரக் கூடாது, லிப்ட் பக்கமே போகக் கூடாது. நாற்பது வருஷம் டில்லியில் இருந்தும் அந்த இந்தியில் வேலூர் போகவில்லை. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைக்கு அடியில் ஒரு தனி உலகம்தான் இருந்தது. பலகையின் அடிப்பக்கத்தில் மகள் சாருமதி சின்ன வயதில் ஒட்டிய பொம்மைப் படம், வாயிருந்த இடம் மட்டும் மிச்சம். பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம். புனாவில் பக்கத்தில் ஆள் இல்லாமல் அது என்ன சாப்பிடுகிறதோ, காலில் வீக்கம் என்று நேற்றுக்கூடச் சொன்னது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டிய பெண். இதை நினைத்தால் உடனே சம்பந்தியம்மாளின் குரலும் கூடவே வந்துவிடும். "கூட்டிட்டுப் போக முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க பாத்துக்கறோம், எங்களுக்கு ஒண்ணும் பாரமில்ல." அந்தப் பாரமில்ல என்பதை அந்த அம்மாள் எவ்வளவு பாரமாகச் சொன்னாள். ரஞ்சிதம் சிகாமணியிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்துவிட்டாள். காற்று சரியில்லை என்றார். டில்லியில் எந்தக் காலத்தில் காற்று சரியாக இருந்தது, சாருமதி இதே காற்றில்தானே பிறந்து வளர்ந்தாள் என்று கேட்டாள். ஒனக்கு மூட்டுவலி, ஒன்னால பாத்துக்க முடியாது என்றார். முடியும் என்றாள். அப்புறம் பேப்பரை விரித்துக்கொண்டார். பெற்ற பெண்ணை வரவேண்டாம் என்று சொல்கிற அப்பன் உண்டா. பேரப்பிள்ளை வேண்டும், வேண்டும் என்று துடித்ததும் இதே மனிதர்தானே. மேலே திடுதிடுவென்று ஓசை கேட்டது. முதல் மாடி கமலேஷ் அம்மாளின் பேத்தி பிங்கி. குனிந்திரு என்றால் அந்தக் குழந்தை ஓடும். நடுக்கூடத்திலிருந்து சமையலறைப் பக்கம் ஓடி, அங்கே ஒரு குதி, திரும்ப ஓட்டம். ரஞ்சிதம் அந்த ஓசையோடு கூடவே சமையலறைப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். இவ்வளவு தாழ்விலிருந்து தன் சமையலறையை அவள் பார்த்ததே இல்லை. முட்டி போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே இடுப்புக்கு மேலேதான், தரையெல்லாம் வேலைக்காரியின் ராஜ்யம்.

அந்த மூலையில் தண்ணீர் வடிகட்டி வைக்கிற மர அலமாரி நின்றது. நான்கு விரல் உயரத்துக்குக் குட்டைக் கால். அதன் அடியில் ஜன்னல் வெளிச்சம் போய் விழுந்திருந்தது. பழைய தரை, கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் பதித்த தரை, அலமாரிக்கு அடியில் பாதிவரை போய் நேர்க்கோடாக நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் வெறும் சிமெண்ட் பூச்சு. தரை ஏன் அங்கே நிற்கிறது என்று அவள் சும்மா யோசித்தாள், பல்லி எங்கே போயிற்று என்று யோசிக்கிற மாதிரி. அங்கே தூண் இருந்தது, அதைச் சுற்றித்தான் தரை போட்டார்கள், ஆகவே தரை அங்கே நின்றது. சரி. தூண் இருந்தது. இருந்தது என்றால் இப்போது எங்கே. ஓடு பதிக்கும்போது மேலே பூச்சைத்தான் கொஞ்சம் சுரண்டினோம் என்றாரே. பூச்சு என்றால் ஒரு விரல் கனம் இருக்குமா, இரண்டு விரல் இருக்குமா. அந்தச் சிமெண்ட் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அதில் வரிசையாகச் சில வட்டங்கள், காசு அளவில், துருப்பிடித்துக் கசிந்த பழுப்பு. கம்பிகள். வெட்டிய கம்பிகள். அவள் மேசைக் காலை விட்டுவிட்டாள். பிறகு மறுபடி பிடித்துக்கொண்டாள். ஒத்திகைக்காக இல்லை.

ஈசானிய மூலை. அந்தச் சொல் நாக்கில் கசந்தது. வாஸ்து பார்க்கிற கலியமூர்த்தி வந்து, வீடு முழுக்க நடந்து, சமையலறை மூலையில் நின்று, அந்தத் தூணை உள்ளங்கையால் தட்டி, "இதாங்க தடுக்குது. ஈசானியம் அடைபட்டா வம்சம் தழைக்காது. தூண் துருத்திட்டு இருக்கக் கூடாது, செவுத்தோட சமமாப் போயிடணும்" என்றான். சாருமதிக்குக் கல்யாணமாகி வயிறு திறக்காமல் இருந்த நேரம் அது. சிகாமணி முகம் கூம்பிப்போனது. ரஞ்சிதம்தான் சிரித்தாள். புனாவில் இருக்கிற பொண்ணு வயித்துக்கும் துவாரகாவில இருக்கிற தூணுக்கும் என்ன சம்பந்தம், மேல எட்டுக் குடும்பம் குந்தியிருக்கு, தூணை ஒடைச்சா எல்லாரும் நம்ம தலைமேல வந்து ஒக்காருவாங்க என்றாள். அவரும் சிரித்தார். "சரி விடு, அவன் ஏதோ ஒளர்றான்" என்றார். அந்த விடு என்ற சொல்லை அவள் நம்பினாள். எத்தனையோ சண்டையில் அவர் விடு என்று சொன்னால் விட்டுவிடுவார், அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்த குணம். அண்ணன் மகன் கல்யாணத்துக்கு அவள் வேலூர் போனாள், போன இடத்தில் அண்ணிக்கு உடம்பு முடியாமல் தங்கிவிட்டாள். திரும்பி வந்தால் சமையலறைச் சுவர் முழுக்கப் புது ஓடு, வெளிர்பச்சையில். "ஒனக்குத்தான், வந்து பாத்ததும் சந்தோஷப்படட்டும்னு" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாக அவளுக்கென்று ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அழுதுகூட விட்டாள், வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். என்னங்க இந்த மூலை கொஞ்சம் விசாலமா ஆயிடுச்சே என்றதற்கு, பழைய பூச்சைச் சுரண்டினோம்ல என்றார். அப்போது கமலேஷ் என்ன சொன்னாள், ஒரு வாரம் மெஷின் சத்தம், என் பல்லெல்லாம் ஆடிவிட்டது என்றாளே. ஓடு அறுக்கிற சத்தம் என்று ரஞ்சிதம் பெருமையாகப் பதில் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து அவளுக்கே பரிமாறியிருக்கிறார், அவளும் ருசியாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். தினமும் அந்த ஓடுகளை ஈரத்துணியால் துடைத்தாளே. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துவிடுமே என்று வாணலியை மூடி மூடிச் சமைத்தாளே. அந்தத் துணியை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பக்கத்தில் எங்கோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். தரை லேசாக அதிர்ந்தது. மோட்டார்தான், தினமும் போடுகிற மோட்டார்தான். ஆனால் மேலே எட்டு மாடி. இப்போது அவள் தலைக்கு மேலே இந்தப் பலகை, பலகைக்கு மேல் கூரை, அதற்கு மேல் பிங்கி, பிங்கிக்கு மேல் அந்தப் பெங்காலிக் கிழவரும் அவர் புத்தகங்களும், அதற்கு மேல், அதற்கு மேல். அத்தனை பேரும் இப்போது அவரவர் மேசைக்கு அடியில் மணி சாப் சொன்னபடி குனிந்திருப்பார்கள். மணி சாப் என்றுதான் இங்கே அவருக்குப் பெயர். இந்த மேசை எதைத் தாங்கும், அப்பளம் மாதிரி நொறுங்காதா. நொறுங்காது என்று அவர்தானே சொன்னார், நல்ல தேக்கு, இதன் கீழே வந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்றாரே. சொன்னாரா. எல்லோரிடமும் சொன்னார், தன்னிடம் சொன்னாரா. தன்னைச் செவுத்தோரமாகத்தானே உட்காரச் சொன்னார். வேண்டாம், அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, முட்டிக்காகச் சொன்னார். முட்டிக்காகத்தான். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ரயில்வேயில் யாரும் ஒரு குற்றம் சொன்னதில்லை. பூனைக்குட்டியை மிதித்துவிட்டு ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தவர். பெண்ணுக்குக் குழந்தை வேண்டுமே என்ற ஏக்கத்தில் புத்தி பிசகிவிட்டது, அதை மன்னிக்கலாம். செய்தது தெரியாமல் செய்தது, அதன் ஆபத்து அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லாமல் இருப்பாரா. தெரியாது. இப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் அவளுக்கு உடம்பு கொஞ்சம் இலேசானது.

ஆனால் இந்த நிலநடுக்கப் பைத்தியம் எப்போது பிடித்தது. அவள் அங்கேயே சிக்கிக்கொண்டாள், முள்ளில் முந்தானை மாட்டின மாதிரி. அவள் வேலூருக்குப் போகும்போது அவருக்கு நிலநடுக்கமும் தெரியாது, ஒன்றும் தெரியாது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், சீட்டாடப் போவார். திரும்பி வந்த பிறகுதான் எல்லாம். கைபேசியில் எந்த நேரமும் இடிந்த கட்டடங்கள். பீரோவைச் சுவரோடு கம்பி வைத்து முடுக்கினார். பரணில் இருந்த அண்டாவையும் தவலையையும் இறக்கிக் கீழே வைத்தார். கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த கண்ணாடிப் படத்தைக் கழற்றினார். டார்ச், விசில், தண்ணீர் பாட்டில், மாத்திரைகள் என்று ஒரு பை கட்டி வாசலில் மாட்டினார். கண்ணாடிச் சில்லு குத்தும், கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு வைத்துக்கொள் என்றார். காஸ் வால்வை மூடுவதற்கு அவளுக்குப் பாடம் எடுத்தார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் அவர்கள் பீரோவையும் முடுக்கினார். மணி சாப் தெய்வம் என்றார்கள். அவளுக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது, சும்மா கிடந்த மனிதருக்கு ஒரு மரியாதை வந்ததே என்று. சோழியன் குடுமி சும்மா ஆடுமா. யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது எங்கேயோ பார்த்திருக்கிறார், தூணை வெட்டினால் என்ன ஆகும் என்று. அதற்குப் பிறகுதான் இத்தனை ஆட்டமும். தெரியும். அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் சரி செய்ய வேண்டியதுதானே, யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டியதுதானே. காட்டினால் யார் வெட்டியது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்கிறார். வெளியே ஒலிபெருக்கி, உங்கள் உயிர் உங்கள் கையில் என்றது.

அவர் படுக்கையை எப்போது மாற்றினார். இந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை, அதுவாக வந்தது. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கு, ஒன் தூக்கம் கெடுது என்று கூடத்தில் வாசற்கதவுக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுக்கொண்டாரே, அது எப்போது. பாத்ரூம் படுக்கையறைக்குள் அல்லவா இருக்கிறது. இதைக்கூட அவள் ஒரு தடவை கேலியாகச் சொன்னாள், பாத்ரூமுக்குப் பயந்து பாத்ரூமை விட்டுத் தூரமாப் போனவர் நீங்க ஒருத்தர்தான் என்று. அவர் சிரிக்கவில்லை. படுக்கையறைச் சுவரும் சமையலறைச் சுவரும் ஒன்றுதான். அவள் தலைமாட்டுக்கு நேர் பின்னால் அந்தத் தூண். போன குளிரில் விடிகாலையில் ஒரு தடவை லேசாக ஆடியதே. டில்லிக்கு அது சகஜம், வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் பூமி சோம்பல் முறிக்கும். ஜன்னல் கம்பி கிடுகிடுத்தது, அவள் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் அவர் குரல் வெளியே தோட்டத்திலிருந்து கேட்டது, ரஞ்சிதம் வா, வா என்று. ஓடாதே குனி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் போர்வையோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். இதையும் அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள், எங்க வீட்டுக்காரர் கால்ல சக்கரம் கட்டியிருக்கார் என்று. கமலேஷ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மடியில் கனம், அதுதான் அந்த ஓட்டம். போகட்டும், உயிர்மேல் யாருக்கு ஆசையில்லை. பயந்தவன் ஓடுவான். அதைக்கூட அவள் தள்ளிவிடத் தயாராக இருந்தாள், முப்பத்தைந்து வருஷம் சேர்ந்து சாப்பிட்ட சோறு அப்படி. ஆனால் அதற்குள் சாருமதி வந்துவிட்டாள். காற்று சரியில்லை. ஒன்னால பாத்துக்க முடியாது. பேப்பர். பெண் கர்ப்பம் என்று போன் வந்த அன்று அவர் சமையலறைக்குள் போய் அந்தப் பச்சை ஓட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் நிற்கிறார் என்று நினைத்தாள். அன்றைக்கே முடிவு செய்திருப்பார், பெண் இங்கே வரக் கூடாது என்று. வந்தால் அந்தப் படுக்கையறையில்தான் படுப்பாள், பச்சைக்குழந்தையோடு. அதனால் வரவிடவில்லை. சம்பந்தியம்மாளின் பேச்சை ரஞ்சிதம் வாங்கிக்கொண்டாள், கல்நெஞ்சுக்காரி என்று பெண்ணிடமும் வாங்கிக்கொண்டாள், அவர் வாயைத் திறக்கவில்லை. ஆக, பெண்ணைக் காப்பாற்றிவிட்டார். பேரப்பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார். தன்னையும் வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டார். எல்லோருக்கும் ஓர் இடம் யோசித்திருக்கிறார். அந்தத் தலைமாட்டில் அவளை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். மறந்திருந்தால்கூடத் தேவலை. மறக்கவில்லையே, கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு வைக்கச் சொன்னாரே. அவள் அழுதாள். சத்தம் வரவில்லை, மூக்குதான் ஒழுகியது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது சங்கு ஊதியது. எல்லோரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு படிவழியே இறங்கி எதிர்ப் பூங்காவுக்கு வரவேண்டிய சங்கு. அவள் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, முட்டி வலித்ததாக நினைவில்லை. பூங்காவில் கட்டடத்து ஜனம் முழுக்க நின்றது. கமலேஷ் பிங்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பயமாகத்தான் இருந்தது, ஆனால் விளையாட்டு மாதிரியும் இருந்தது என்றாள். பெங்காலிக் கிழவர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். சிகாமணி முகமெல்லாம் வேர்வையும் வெளிச்சமுமாக, ஒத்திகை வெற்றி, இனி எல்லோரும் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்துவிட்டு ஒலிபெருக்கியை அணைத்தார். ரஞ்சிதம் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் புடவையெல்லாம் தூசி.

"நாற்காலில ஒக்காரலியா நீ?" என்றார்.

"மேசைக்கு அடியில போனேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அலமாரிக்குக் கீழ எல்லாம் தெரியுது."

அவர் ஒலிபெருக்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "இங்க எதுக்கு. வீட்ல போய்ப் பேசிக்கலாம் வா."

"எந்த வீட்ல?"

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. தமிழில் பேசுவதால் கவனித்தாலும் புரியாது. "மெதுவா, ரஞ்சிதம். ஒண்ணும் ஆகாது. இத்தன நாள் நின்னுதே."

"சாருமதிய ஏன் வரவேணாம்னீங்க?"

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் போனது. அதுவே போதுமாக இருந்தது, ஆனால் அவளுக்குப் போதவில்லை. "அவளுக்கு ஒரு சாக்கு கண்டுபிடிச்சீங்க. ஒங்களுக்கு ஒரு கட்டில் போட்டுக்கிட்டீங்க. என்னையும் அந்த ரூம்ல படுக்காதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒங்களுக்குத்தான் நல்லா வருதே."

"நெனச்சேன்" என்றார் சிகாமணி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எத்தினியோ வாட்டி நெனச்சேன். சாருவுக்குச் சொன்னா நம்பிடுவா. ஒங்கிட்ட பொய் நிக்காது. ஏன், எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்ப, கடைசில கண்டுபிடிச்சிடுவ. கண்டுபிடிச்சா ஒன்னால வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாது. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிடுவ."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவர் பூமிக்குப் பயப்படவில்லை, அவள் வாய்க்குத்தான் பயந்திருக்கிறார். எட்டு மாடியும் அவள் தலையில் விழுந்தாலும் விழட்டும், அந்த வாய் திறக்கக் கூடாது. இவ்வளவு காலத்தில் அவளை அவர் சரியாகப் புரிந்துவைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். ஜனம் சிரித்துப் பேசியபடி கட்டடத்துப் பக்கம் திரும்பியது. கமலேஷ் முன்னால் போனாள், பிங்கி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ரஞ்சிதத்துக்குக் கையாட்டியது. சிகாமணி அவள் முழங்கையைப் பிடித்தார். "வேணாம், ரஞ்சி" என்றார். வெகு காலத்துக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டார்.

ரஞ்சிதம் கையை விடுவித்துக்கொண்டு வேகமாக நடந்து, எல்லோரையும் தாண்டி, நுழைவாசல் படியில் ஏறித் திரும்பி நின்றாள். அவளுடைய இந்தி காய்கறிக்காரனோடு பேசுகிற இந்தி, ஆணும் பெண்ணும் அதில் எப்போதும் இடம் மாறிப் போகும், எல்லோரும் சிரிப்பார்கள். அந்த இந்தியில்தான் சொன்னாள். "யாரும் உள்ளே போகாதீங்க. எங்க வீட்டுத் தூணை நாங்க வெட்டிட்டோம்."

யாரும் சிரிக்கவில்லை.